மாஸ்டருக்கு லண்டன் காட்டினது

"யாகப்பு நிக்கிறாரோ?"

லண்டனில் என் வீட்டுக்கு வந்து பாலசிங்கம் மாஸ்டர் முதல் கேட்டது இதுதான். வீட்டுக்கு வந்து என்று சொல்வதும் பிழை. ஈஸ்ற் ஹாமில் ஒன்றோடொன்று தோள் முட்டி நிற்கிற வீடுகளில் என்னுடையதும் ஒன்று. முன்னால் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம், அதற்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புப் படலை. மாஸ்டர் அந்தப் படலைக்கு வெளியே நடைபாதையில் நின்றார். கோட்டு, ரை, மினுக்கின சப்பாத்து, கையில் குடை. பக்கத்தில் அவருடைய மனிசி மீனலோசனி, என்னோடு ஊர்காவற்றுறையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள், முகம் முழுக்கச் சிரிப்போடு நின்றாள். எழுபத்தெட்டாம் ஆண்டு ஆடி மாதம். நைஜீரியாவில் படிப்பிக்கப் போன எங்கடை ஆட்களில் இவர்களும் இரண்டு பேர். பள்ளிக்கூட விடுமுறைக்கு வேலணைக்குப் போகிற வழியில் லண்டன் பார்க்க இறங்கியிருந்தார்கள். படுக்கை விம்பிள்டனில் மாஸ்டரின் மச்சான் வீட்டில். மச்சானுக்கு இரண்டு இடத்தில் வேலை, கண்ணயரவே நேரமில்லை. ஊர் காட்டுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"அவர் வேலைக்குப் போட்டார் மாஸ்டர். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ."

"பரவாயில்லைப் பிள்ளை. நாங்கள் இப்பிடி நிண்டே கதைப்பம்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஊரில் வீட்டுக்காரன் இல்லாத வீட்டுக்குள் மரியாதையான ஆம்பிளை கால் வைக்கமாட்டான். படலையடியில் சைக்கிளை நிறுத்தி மணி அடிப்பான். "அவர் நிக்கிறாரோ?" என்று கேட்பான். இல்லையென்றால் "வந்தால் சொல்லுங்கோ" என்றுவிட்டுத் திரும்புவான். விடாய்க்குத் தண்ணீர் கேட்டால் செம்பு படலைக்கு மேலால் போகும், மேலால் வரும். மாஸ்டர் அந்தப் படலையை வேலணையிலிருந்து நைஜீரியாவுக்கும், அங்கேயிருந்து ஈஸ்ற் ஹாமுக்கும் காவிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவர் நிற்கும்போது மீனா எப்படி உள்ளே வருவாள்? அவளும் நின்றாள். நான் தேத்தண்ணியைத் தட்டில் வைத்து வெளியே கொண்டுவந்து மதில்கட்டில் வைத்தேன். இரண்டு பேரும் றோட்டில் நின்று குடித்தார்கள். முன்வீட்டு வெள்ளைக்காரி திரைச்சீலையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அடுத்த நாள் என்னைக் கண்டு, வந்தவர் பொலிசா என்று கேட்டாள்.

யாகப்பு வேலைக்குப் போனது உண்மை. ஆனால் அந்த வேலை லிவர்பூலில். என் புருசன் போன மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம், தன்னோடு றெயில்வேயில் வேலை செய்த ஒருத்தியோடு போய்விட்டார். போகும்போது படியில் நின்று, "ஊருக்கு ஒண்டும் எழுதாதை" என்றார். கலியாணம் முடித்து இவ்வளவு காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒற்றுமைப்பட்ட விஷயம் அது ஒன்றுதான். அழுதேன், அதை மறைக்கத் தேவையில்லை. நல்லாய் அழுதேன். பிறகு தை பிறந்து ஒருநாள், ஆஸ்பத்திரியில் வேலை முடித்து வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவரும் இல்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது. றேடியோவைப் போட்டுவிட்டு நின்றபடி சாப்பிட்டேன். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க எனக்கு விருப்பமாக இருந்தது.

பயம் வேறு இடத்தில். ஊருக்குத் தெரிந்தால் அண்ணர் குருசுமுத்து, வள்ளமும் வலையுமாக ஊர்காவற்றுறையில் நாலுபேர் மதிக்கிற மனிசன், "உடன வெளிக்கிட்டு வா" என்று தந்தி அடிப்பார். வெள்ளைக்காரன்ர ஊரில் புருசன் இல்லாமல் ஒருத்தி தனிய இருக்கிறதோ? அம்மா சாப்பாட்டை விட்டுவிட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் குந்திவிடுவா. அண்ணரோடு சண்டை பிடிக்கலாம், சாப்பிடாமல் இருக்கிற தாயோடு பிடிக்க ஏலாது. போய்விடுவேன். போனால் பிறகு என்னை விடமாட்டார்கள். என் தாதி வேலை, என் ஆஸ்பத்திரி வாட்டு, என் வீட்டுத் திறப்பு எல்லாம் அதோடு சரி. நான் போக விரும்பவில்லை. இவ்வளவுதான் கதை.

வெளிநாட்டிலிருந்து ஊர் போகிறவர், அங்கே கண்ட ஆட்களின் வீடுகளுக்குப் போய் ஒரு சொல் சொல்லாமல் இருக்கமாட்டார். மாஸ்டர் வேலணையில் பெட்டியை இறக்கிய கையோடு ஊர்காவற்றுறைக்கு பஸ் ஏறி, அண்ணருக்கு முன்னால் இருந்து எல்லாம் சொல்லுவார். பொய் சொல்ல அவருக்கு வாய் வராது. ஒருமுறை தன்னுடைய மச்சாளின் மகனையே கணக்கில் பெயில் விட்ட மனிசன். ஆகவே நான் ஒரு முடிவெடுத்தேன். காலமை வெளிக்கிட்டால் பொழுதுபட்டுத்தான் திரும்புவது. கால் உளைய உளைய லண்டன் காட்டுவது. வீட்டுப் பக்கம் மட்டும் காட்டுவதில்லை.

இதில் ஒரு சிக்கல். லண்டன் எனக்கே தெரியாது. வந்து ஆறு வருசம். ஆஸ்பத்திரி, பஸ், ஞாயிற்றுக்கிழமை பூசை, மீன்கடை, வீடு. யாகப்பு இருந்த காலத்தில் எங்கே போவதென்றாலும் "அங்க என்ன கிடக்கு?" என்பார். அங்கே என்ன கிடக்கிறது என்று இந்தக் கிழமைதான் நானும் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் நாள் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனேன். மாஸ்டர் கோபுரம், கோட்டை ஒன்றையும் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே சேற்றைப் பார்த்தார். படிக்கட்டில் பாசி பிடித்திருந்த உயரத்தைப் பார்த்தார்.

"இது ஆறில்லை. கடல் உள்ளுக்கு வந்து போகுது. இப்ப வத்து, தண்ணி இறங்கிக் கிடக்கு" என்றார்.

மீனா மூக்கை உறிஞ்சினாள். "ஓமடி, எங்கட துறையடி மணக்குது." உண்மைதான், மணத்தது. ஆறு வருசம் இந்த ஆற்றுக்கு மேலால் பஸ்ஸில் போனேன், யன்னலைத் திறந்து ஒருநாள் மணந்து பார்க்கவில்லை. வத்து எப்போது பெருக்காகும் என்று பார்க்க வேண்டும் என்றார் மாஸ்டர். பார்த்துக்கொண்டே இருந்தோம். அவர் குடைநுனியால் ஒரு படியைக் குறிவைத்திருந்தார். தண்ணீர் அந்தப் படிக்கு வந்ததும் தலையை ஆட்டினார், அந்த ஆறு அவருடைய பரீட்சையில் சித்தியடைந்துவிட்டது. பிறகு ஒரு கப்பல் வர, பாலம் நடுவால் பிளந்து இரண்டு பக்கமும் எழும்பியது. பஸ், கார் எல்லாம் பேசாமல் காத்து நின்றன. "காரைநகர்ப் பாதைப் படகுக்கு நாங்கள் வெயிலில காவல் நிப்பம். இஞ்ச றோட்டே எழும்பி வழி விடுது" என்றார் மாஸ்டர். அதைச் சொல்லிய கையோடு, "யாகப்புவும் வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆளுக்கு ஓய்வே இல்லையோ?" என்றார்.

"ரெண்டு ஷிப்ட் மாஸ்டர்."

"எந்த ஸ்ரேசனில நிக்கிறார்? போற வழியில ஒருக்கா எட்டிப் பாப்பம்."

 இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஸ்ரேசனில இல்லை. சுரங்கத்துக்குள்ள தண்டவாளம் பாக்கிற வேலை" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதன் பாவம் தெரிந்தது. அன்றிலிருந்து சுரங்க றெயிலில் ஏறினால் மாஸ்டர் ஆசனத்தில் இருக்கமாட்டார். கண்ணாடியோடு நெற்றியை ஒட்டி, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்து, இருட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். யாகப்புவைத் தேடுகிறார். "இப்ப ஒரு விளக்குத் தெரிஞ்சது. ரெண்டு பேர் குனிஞ்சு நிண்டவை" என்று ஒருமுறை சந்தோசமாகத் திரும்பினார். பெட்டிக்குள் இருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். நான் கைப்பையைத் திறந்து ஒன்றும் தேடாமல் தேடினேன்.

மீனாவின் லண்டன் வேறு. அவளுக்கு அரண்மனை வேண்டாம், அரண்மனையில் துணி காயப்போடுகிற கொடி எங்கே என்று தெரிய வேண்டும். கடைகளுக்கு மேல் மாடியில் ஆர் இருக்கினம்? செத்தவையை எங்கே புதைக்கினம்? இந்தச் சனம் ஏன் நாய்க்குச் சட்டை போடுது? எனக்கு ஒன்றுக்கும் மறுமொழி தெரியாது. தெரியாது என்று சொல்லிச் சொல்லி வெட்கம் விட்டுப்போய், நானே போய்ப் பொலிஸ்காரரிடமும் பூ விற்கிறவளிடமும் கேட்கத் தொடங்கினேன். பூ விற்கிறவள் தன்னுடைய தாயின் பிரேதத்தை எந்த மயானத்தில் எரித்தது, எந்தக் காலநிலை, ஆர் வரவில்லை என்பது வரை சொன்னாள். மீனா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மீனாவுக்குப் பாதி ஆங்கிலம் விளங்கவில்லை, ஆனால் வராதவை மேல் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏனோ கண்ணும் கலங்கியது. இந்த ஊரில் கேட்டால் சொல்லுகிறார்கள். ஆறு வருசமாக நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஒரு பூங்காவில் மாஸ்டர் வாத்துகளுக்குப் பாண் பிய்த்துப் போட்டுக்கொண்டு நின்றபோது, மீனா என் பக்கம் சரிந்து இருந்தாள்.

"எடி மேரிறோஸ், ஒண்டு சொல்லுவன். ஊரில சொல்லிப்போடாதை. நான் அங்க கார் ஓடுறனான்."

"ஆர் பழக்கினது?"

"இவர்தான். பக்கத்தில இருந்து கத்திக் கத்திப் பழக்கினவர். சந்தைக்கும் நான்தான் போறனான், இவரைப் பள்ளிக்கூடத்தில விடுறதும் நான்தான். ஆனா வேலணையில இறங்கினால் பஸ்தான். மாமிக்குத் தெரிஞ்சால் விழுந்துபோவா."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். நீயும் ஏதாவது சொல்லு என்கிற பார்வை. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மீனாவை எனக்குச் சின்னனிலிருந்து தெரியும். மனசு தங்கம், வாய் மட்டும் ஓட்டை. அவளிடம் சொன்னால் விமானம் ஏறமுதல் மாஸ்டருக்குப் போகும், மாஸ்டரிடமிருந்து அண்ணருக்குப் போகும். "வாத்து கொத்தப்போகுது, மாஸ்டரைக் கூப்பிடு" என்று சொல்லி எழும்பினேன்.  அவள் ஒரு காரைத் தந்திருக்கிறாள், நான் வாத்தைக் கொடுத்தேன்.

கடைசி நாள் என் திட்டம் கவிழ்ந்தது. மழை தூறியது. இரவு விமானம். மத்தியானத்துக்குப் பிறகு மீனா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: "உன்ர வீட்டைப் பாக்காமல் போனால் கொம்மாவுக்கு என்ன சொல்லுறது? குசினி எப்பிடி, சாமிப்படம் எங்க மாட்டியிருக்கிறாள் எண்டெல்லாம் மனிசி கேப்பா." எனக்கு மறுக்க வழியில்லை. சரி, மாஸ்டர் வெளியில் நிற்பார், மீனாவைக் கெதியாய் உள்ளே கூட்டிப்போய்க் காட்டி அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். கதவுக்குப் பின்னால் யாகப்புவின் பழைய மழைக்கோட்டு ஒன்று இன்னும் தொங்குகிறது. புருசன் இருக்கிற வீடு என்று காட்ட அது காணும்.

படலையடிக்கு வந்தோம். மாஸ்டர் வழக்கம்போல் வெளியே நின்றார்.

"யாகப்பு நிக்கிறாரோ?"

"இல்லை மாஸ்டர். வேலைக்குப் போட்டார்."

"அப்ப நான் நிக்கிறன். அவர் வரட்டும்."

"அவர் வர நேரம் போகும். உங்களுக்கு விமானம் எல்லோ."

"போகட்டும் பிள்ளை. இவ்வளவு தூரம் வந்து யாகப்புவின்ர முகத்தைப் பாக்காமல் குருசுமுத்துவுக்கு முன்னால நான் எப்பிடிப் போய் இருக்கிறது? என்ர மச்சான் எப்பிடி இருக்கிறான் எண்டுதானே முதல் கேப்பான்." வாசல் வரை நனையாமல் போகக் குடையை மீனாவிடம் கொடுத்து, அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, கோட்டுக் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டு மழைக்குள் நின்றார்.

மீனா உள்ளே வந்தாள். குசினியைப் பார்த்தாள், பின்வளவைப் பார்த்தாள், அடுப்பைத் திருகிப் பார்த்தாள், "நல்லா வச்சிருக்கிறாய்" என்றாள். நான் தேத்தண்ணி ஊற்றினபடி, திறந்த குசினிக் கதவால் முன்யன்னலைப் பார்த்தேன். மாஸ்டர் அசையவில்லை. தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியால் தண்ணீர் வழிந்தது. தெருமுனையில் ஆர் திரும்பினாலும் எட்டிப் பார்த்தார். வராத ஒருவனுக்காக, ஐம்பது வயது மனிசன், மழையில் நிற்கிறார். நான் நிற்க வைத்திருக்கிறேன். எனக்கு வந்ததே ஒரு கோபம். யாகப்புவில் கோபம், அண்ணரில் கோபம், இந்தப் படலையில் கோபம், லிவர்பூல்காரி உட்பட ஒருவரையும் விடவில்லை. கேத்தலை அடுப்பில் அடித்து வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு வெளியே போனேன்.

"மாஸ்டர், அவர் வரமாட்டார். போன மார்கழியோட போட்டார். இன்னொருத்தியோட லிவர்பூலில இருக்கிறார். சுரங்கத்துக்குள்ளயும் இல்லை, ஒரு இடத்திலயும் இல்லை. நான்தான் பொய் சொன்னனான். நீங்கள் நனையாதேங்கோ."

மாஸ்டர் படலைக் கம்பியைப் பிடித்தார். எனக்குப் பின்னால் கதவடியில் மீனா வந்து நின்றது தெரிந்தது. 

"அப்ப இந்த வீட்டில ஆர் இருக்கிறது?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நான் இருக்கிறன்."

"தனியவோ?"

"ஓம், தனிய. வாடகையும் நான்தான், வீடும் நான்தான். ஊருக்குப் போக எனக்கு விருப்பமில்லை மாஸ்டர். அண்ணருக்குத் தெரிஞ்சால் என்னை இஞ்ச இருக்க விடமாட்டார்."

சொல்லிவிட்டேன்.  மாஸ்டர் வீட்டை அடியிலிருந்து கூரை வரை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். நடைபாதையால் பக்கத்து வீட்டைத் தாண்டி, தபால்பெட்டியையும் தாண்டிப் போனார். முடிந்தது என்று நினைத்தேன். பஸ் தரிப்புக்குப் போகிறார், இனி இந்தப் பக்கம் பார்க்கவும் மாட்டார். மீனா "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள். அவர் தபால்பெட்டிக்கு அங்கால் நின்றார். கோட்டைச் சரிசெய்தார், ரையை நேராக்கினார், கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் வருகிற ஆள் மாதிரித் திரும்பி நடந்து வந்தார். படலைக்கு வெளியே நின்றார். என்னைப் பார்க்காமல், எனக்கு மேலால் கதவைப் பார்த்துக் கேட்டார்.

"மேரிறோஸ் நிக்கிறாவோ?"

அந்த மனிசன் என்ன யோசித்து அப்படிச் செய்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கணக்கு வாத்தியார், ஏதோ வழி கண்டுபிடித்திருப்பார்.  மீனா பின்னாலிருந்து என் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"ஓம், நிக்கிறன். வாங்கோ" என்றேன்.

படலையைத் தானே திறந்தார். கதவடியில் குனிந்து சப்பாத்துக் கயிறைக் கழற்ற நேரம் எடுத்தது, நனைந்து இறுகியிருந்தது. குசினிக்குள் வந்து, காட்டின கதிரையில், நுனியில் இருந்தார். துவாய் கொடுத்தேன், தலையைத் துடைத்தார். தேத்தண்ணியைக் குடித்தார். சீனி போதாது என்றார், போட்டேன். மீனா என் பக்கத்தில் வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றாள். ஒருவரும் யாகப்புவின் பேரை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிற சத்தம் சுவரால் கேட்டது.

"வாற கிழமை நான் ஊர்காவற்றுறைக்குப் போகவேணும். போகாமல் இருக்க ஏலாது" என்றார் மாஸ்டர். "குருசுமுத்து கேப்பான். கொம்மா கேப்பா. நான் என்ன சொல்லுறது பிள்ளை?"

பொய் சொல்லுங்கோ என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டாலும் அவரால் ஏலாது.

"கண்டதைச் சொல்லுங்கோ மாஸ்டர்."

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துவாயின் காய்ந்த நுனியைத் தேடியெடுத்து இரண்டு பக்கமும் ஆறுதலாகத் துடைத்தார். போட்டுக்கொண்டு எழும்பினார். கதவடியிலிருந்து தொடங்கினார். மாதா படத்தைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய என் வெள்ளைத் தாதிச் சட்டையைப் பார்த்தார். அடுப்பு, கழுவிக் கவிழ்த்த ஒற்றைக் கோப்பை, றேடியோ. பிறகு யன்னலடிக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பின்வளவில் நான் நட்டிருந்த மிளகாய்க் கன்றுகளைக் குனிந்து பார்த்தபடி நின்றார்.